குடியாத்தம் சித்திக்கு: உங்கள் லேப்டாப்பை எடைக்குப் போடவில்லை

அன்புள்ள சித்திக்கு,

"அந்தப் பெட்டியை எடைக்குப் போட்டுடுடா, எனக்குத் தொடவே பயமா இருக்கு" என்று போனில் சொன்னீர்கள். எடைக்குப் போடவில்லை. சத்துவாச்சாரியில் என் மேசை மேல்தான் இருக்கிறது, நன்றாகவே ஓடுகிறது. வரும் ஞாயிறு குடியாத்தம் வரும்போது கையோடு கொண்டு வருகிறேன். அதற்குள் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். பேர் போடாமல் எழுதினால் சரி என்று நீங்கள் சொன்னதால் பொதுவிலேயே எழுதுகிறேன். ரிட்டயர் ஆகி, பிள்ளைகள் விட்டுப்போன லேப்டாப்பைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும்.

முதலில் பெட்டிக்கு என்ன ஆயிற்று என்று சொல்லிவிடுகிறேன். தங்கச்சிக்குப் பிளஸ் டூவில் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி அது. 2011ல் தொடங்கிய திட்டத்தின் ஆரம்ப கால மாடல். 2 ஜிபி ரேம் (வேலை நடக்கும்போது பயன்படுகிற நினைவகம்), 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 7, கூடவே விண்டோஸ் போலவே கணினியை இயக்குகிற, மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். அவள் காலேஜ் முடித்து ஓசூருக்கு வேலைக்குப் போன பிறகு நீங்கள் அதைத் திறந்து பார்த்திருக்கிறீர்கள். எந்த வெப்சைட்டுக்குப் போனாலும் "இணைப்பு பாதுகாப்பானது அல்ல" என்று எச்சரிக்கை வந்திருக்கிறது. நாம் எதையோ அமுக்கி வைரஸை உள்ளே விட்டுவிட்டோம் என்று பயந்து, மூடிப் பரணில் ஏற்றிவிட்டீர்கள்.

வைரஸும் இல்லை, நீங்கள் எதையும் அமுக்கவும் இல்லை. உள்ளே இருந்த பட்டன் செல் தீர்ந்துபோயிருந்தது, அவ்வளவுதான். சிஆர் 2032 என்று போட்டிருக்கும், ஒரு ரூபாய் காசு அளவு இருக்கும். கரண்ட் இல்லாதபோதும் கணினி தேதியை மறக்காமல் இருப்பது அந்தச் செல்லால்தான். அது தீர்ந்தால் தேதி பல வருடம் பின்னால் ஓடிவிடும். வெப்சைட் ஒவ்வொன்றும் திறக்கும்போது ஒரு சான்றிதழைக் காட்டும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை அது செல்லும் என்றும் அதில் இருக்கும். இன்றைக்கு 2011 என்று நம்பிக்கொண்டிருக்கும் கணினியிடம் போன மாதம் வாங்கிய சான்றிதழைக் காட்டினால், "இது இன்னும் நடைமுறைக்கே வரவில்லையே" என்று எச்சரிக்கத்தான் செய்யும். லாங் பஜாரில் ஒரு வாட்ச் கடையில் செல்லை வாங்கிப் போட்டேன், தேதியைத் திருத்தினேன், எச்சரிக்கை போய்விட்டது. இத்தனை வருடம் அதைப் பரணில் வைத்திருந்தது ஒரு பட்டன் செல்!

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஃபேனில் அடைந்திருந்த தூசியை எடுத்தேன். நம் ஊர்க் கத்திரி வெயிலில் ப்ராசசர் மேல் அதன் சூட்டைக் கடத்தத் தடவியிருந்த தெர்மல் பேஸ்ட் காய்ந்து உதிர்ந்திருந்தது, புதிதாகத் தடவினேன். இன்னொரு 2 ஜிபி ரேம் சேர்த்து 4 ஆக்கியாயிற்று. பேட்டரி செத்துவிட்டது, அதைக் கழற்றி வைத்துவிட்டேன். சார்ஜர் போட்டு நேரடியாக ஓடும், ஆனால் கரண்ட் போனால் அந்த நொடியே அணைந்துவிடும். ஹார்ட் டிஸ்க்கில் தங்கச்சியின் காலேஜ் பைல்களும் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா போட்டோக்களும் இருந்தன. எல்லாவற்றையும் பென்டிரைவில் எடுத்து வைத்திருக்கிறேன்.

சரி, இனி பயத்துக்கு வருகிறேன்.

"எனக்கு இங்கிலீஷ் வராது, வயசாச்சு" என்று நீங்கள் சொல்வதை நான் நம்பவில்லை. வாட்ஸப்பில் தினமும் காலையில் நாலு குரூப்புக்குப் பூப்படம் அனுப்புகிறவர் நீங்கள். உங்கள் பயத்துக்கு வேறு காரணம் இருக்கிறது என்று நினைக்கிறேன். நீங்கள் டைப்பிஸ்ட். தமிழ் ஹையர் பாஸ் செய்து, வட ஆற்காடு என்று தலைப்பு போட்ட காலத்தில் வேலைக்குச் சேர்ந்தீர்கள். 1989ல் மாவட்டம் பிரிந்து வட ஆற்காடு அம்பேத்கர் ஆனது, அப்புறம் வேலூர் ஆனது. எல்லாத் தலைப்பையும் உங்கள் விரல்தான் அடித்தது. நிறையக் காப்பி எடுக்க ஸ்டென்சில் அடிப்பதைப் பற்றி நீங்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ரிப்பனை விலக்கிவிட்டு அடித்தால் எழுத்து மெழுகுத் தாளை வெட்டிக்கொண்டு இறங்கும். ஒரு எழுத்து தப்பினால் கரெக்ஷன் ஃப்ளூயிட் தடவி, ஊதி, காயும்வரை காத்திருந்து, அதே இடத்தில் திரும்ப அடிக்க வேண்டும். அப்படியும் திருத்திய இடம் காட்டிக்கொடுத்துவிடும். கார்பன் வைத்து அடித்தால் ஒரு தப்பு அத்தனை காப்பியிலும் விழும். அமுக்கினால் அமுக்கியதுதான் என்று முப்பது வருடம் விரலுக்குப் பழக்கியிருக்கிறீர்கள்.

அப்படிப்பட்டவர் இருந்த ஆபீசுக்குத்தான் கணினி வந்தது. ஏசி ரூமில் வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொல்லி, "மேடம், தொடாதீங்க, கெட்டுடும்" என்று ஒரு பையனை அதற்குக் காவல் வைத்தார்கள். தப்பே செய்யக் கூடாது என்று பழகிய கையிடம், தப்பு செய்தால் லட்ச ரூபாய்ச் சாமான் போய்விடும் என்று சொன்னால் யார்தான் தொடுவார்கள்? கணினிதான் தப்பை மன்னிக்கிற மிஷின் என்று யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. கண்ட்ரோலை அமுக்கிக்கொண்டு இசட் அடித்தால் கடைசியாகச் செய்தது திரும்பிவிடும். மறுபடி அடித்தால் அதற்கு முந்தியது. டைப்ரைட்டரில் இப்படி ஒரு சாவி இருந்திருந்தால் உங்கள் ஆபீசில் ஃப்ளூயிட் பாட்டிலே வாங்கியிருக்க மாட்டார்கள்.

பயம் போக நான் கண்ட ஒரே வழி, கெட்டாலும் பரவாயில்லை என்கிற ஒரு மிஷினில் பழகுவது. நாங்கள் எல்லாம் வாடகை சைக்கிளில்தானே ஓட்டப் பழகினோம்? கற்றுக்கொள்கிறவருக்குப் புது லேப்டாப் வாங்கித் தருவது தப்பு என்பது என் கட்சி. தங்கச்சி ஒன்று வாங்கித் தருகிறேன் என்றாளே, இப்போது வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். அதன் விலையே உங்களைத் தொட விடாது.

அதனால் ஒரு காரியம் செய்திருக்கிறேன். லேப்டாப்பிலிருந்து ஹார்ட் டிஸ்க்கையே கழற்றிவிட்டேன். உள்ளே ஒன்றுமே இல்லை. ஒரு பென்டிரைவில், விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ் மின்ட்டை, எக்ஸ்எஃப்சிஇ என்ற எடை குறைந்த பதிப்பாகப் போட்டுத் தருகிறேன். அதைச் செருகி ஆன் செய்தால் எல்லாம் பென்டிரைவிலிருந்தே ஓடும். ஆஃப் செய்தால் நீங்கள் செய்த அத்தனையும் மறைந்துபோகும். அடுத்த முறை ஆன் செய்யும்போது பழையபடி வந்து நிற்கும். எதை வேண்டுமானாலும் அமுக்குங்கள். கீழே இருக்கும் பட்டையை நீக்குங்கள், எழுத்தைப் பெரிதாக்குங்கள், ஐகான்களைக் குப்பையில் போடுங்கள். உங்களால் கெடுக்க முடிகிற ஒரு பொருளும் அதில் இல்லை. எங்கேயாவது மாட்டிக்கொண்டால் பவர் பட்டனை அமுக்கிப் பிடித்து அணைத்துவிடுங்கள். ஹார்ட் டிஸ்க் இருக்கிற கணினியில் அப்படிச் செய்யாதீர்கள் என்றுதான் சொல்வேன். இதில் தாராளமாகச் செய்யலாம்.

கை பழகிய பிறகு, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக அதைவிட வேகமான ஒரு எஸ்எஸ்டி போட்டு, அதே மின்ட்டை நிரந்தரமாக ஏற்றித் தருகிறேன். பழைய விண்டோஸ் 7 வேண்டாம். அதற்கான பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலேயே நிறுத்திவிட்டது. விண்டோஸ் 10க்கும் வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14 உடன் முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற சில்லு வேண்டும் என்கிறார்கள், இந்தப் பெட்டியில் அது கிடையாது. ஓடுகிற நிலையில் இருக்கிற எத்தனையோ கணினிகள் இந்த ஒரு காரணத்துக்காகவே ஒதுக்கப்படுகின்றன. பழைய இரும்புக் கடைக்குப் போனால் வயரைக் கொளுத்திச் செம்பை எடுப்பார்கள், மீதிக் குப்பை எங்கே போகும் என்று யாரும் கேட்க மாட்டார்கள். தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றை என்ன பாடு படுத்தியது, வேலூர்க்காரர்கள் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் போய் 1996ல் தீர்ப்பு வந்தது எல்லாம் உங்களுக்கே தெரியும்.

எஸ்எஸ்டி போட்ட பிறகுதான் உங்களுக்கு நிஜமான விருந்து. தமிழ் தட்டச்சு. தமிழ்99 என்ற விசைப்பலகையை அரசு தரப்படுத்தியிருக்கிறது, புதிதாகக் கற்கிறவர்களுக்கு அது நல்லது. உங்களுக்குத் தேவையில்லை. பழைய டைப்ரைட்டர் அமைப்பும் லினக்ஸில் கிடைக்கிறது, அதை ஏற்றித் தருகிறேன். இடது கையை வைத்தால் அதே ய, ள, ன, க. சில குறிகள் இடம் மாறியிருக்கும், ஒரு தாளில் எழுதி ஒட்டிக்கொண்டால் போகிறது. என்னைப் போல இரண்டு விரலால் தேடித்தேடி அடிக்கிற ஆள் உங்கள் பக்கத்தில் உட்கார வெட்கப்பட வேண்டியிருக்கும்.

அதை வைத்து என்ன செய்வது என்று கேட்பீர்கள். பட்டா சிட்டாவை அரசின் இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம், அதற்கு பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்து நிற்க வேண்டாம். ஆனால் உங்களுக்கு நான் மனதில் வைத்திருப்பது தமிழ் விக்கிமூலம், யார் வேண்டுமானாலும் சேர்ந்து திருத்தலாம் என்கிற இலவச இணைய நூலகம். நாட்டுடைமை ஆக்கப்பட்ட பழைய புத்தகங்களின் பக்கங்கள் ஒரு பக்கம் படமாக இருக்கும், மறுபக்கம் கணினி படித்து எழுதிய எழுத்து பிழைகளோடு இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். திருத்தாத பக்கம் சிவப்பு, ஒருவர் திருத்தினால் மஞ்சள், இன்னொருவரும் சரிபார்த்தால் பச்சை. கம்பேர் பண்ணி இனிஷியல் போடுகிற வேலை உங்களுக்குப் புதிதா என்ன?

பேங்க் கணக்கை மட்டும் கொஞ்ச நாள் இதில் திறக்க வேண்டாம். இதில் ஆபத்து என்பதால் இல்லை, அந்தப் பயம் சேர்ந்தால் மற்றதையும் தொட மாட்டீர்கள். போலீஸ் என்று சொல்லி வீடியோ காலில் யாராவது "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று மிரட்டினால் போனை வைத்துவிடுங்கள், அப்படி ஒரு கைது சட்டத்திலேயே கிடையாது. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும்.

பாஸ்வேர்டை நோட்டில் எழுதி வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வையுங்கள். பீரோவில் நகைச் சீட்டோடு சேர்த்து வையுங்கள், போனில் போட்டோ எடுத்து வைக்காதீர்கள். எல்லா இடத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு வேண்டாம். எஸ்எஸ்டி போடுகிற அன்றைக்கு முதல் பாஸ்வேர்டை நீங்களே வைக்கலாம், நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

ஜன்னல் பக்கத்து மேசையில் இன்வெர்ட்டர் லைன் பிளக் ஒன்றைக் காலி செய்து வையுங்கள். பேட்டரி இல்லை என்பது நினைவிருக்கட்டும். மெத்தை மேலோ தலையணை மேலோ வைக்க இடம் பார்க்காதீர்கள், கீழே காற்று போகாது, சூடாகிவிடும்.

அன்புடன்,
உங்கள் அக்கா மகன்