எட்டுத் தூண்டில் கம்பு போடும் மகனுக்கு

அன்புள்ள மக்கா,

நீ சின்னவனுக்கு அனுப்பின மூணு படமும் பாத்தேன். நல்ல மீன். வெள்ளி உடம்பு, கறுப்புப் புள்ளி, அகல வாய். கிராப்பின்னு பேராம். நீ பிடிச்சிருந்த பிடியைப் பாத்தே ஒன்றரை பவுண்டு வரும்னு சொன்னேன். நீ எழுதினதைச் சின்னவன் வாசிச்சான், அதே கணக்குதான். கரையில எல்லாருக்கும் காட்டிட்டேன். அங்க அமெரிக்காவுல, உன் பக்கத்து ஈனிட் ஏரியில 1957ல பிடிச்ச 5 பவுண்டு 3 அவுன்ஸ் வெள்ளைக் கிராப்பிதான் இன்னும் உலகச் சாதனையாமே. அந்தத் தண்ணியில என் மகன் தூண்டில் போடுறான்னு நினைச்சா நெஞ்சு நிறையுது.

ஆனா படகுல நீ மட்டும்தான் இருக்க. தனியாப் போகாத மக்கா. லைஃப் ஜாக்கெட் சீட்டுக்கு அடியில கிடக்குறதும் படத்துல தெரியுது. அது உடம்புல கிடக்கவேண்டிய சாமான். மார்ச் மாசத்து ஏரித் தண்ணி கை கால விறைக்க வச்சிடும், நீந்தத் தெரிஞ்சவனையும் விடாது.

படகு முன்பக்கம், அணியத்துல எட்டுக் கம்பு விரிச்சு வச்சிருக்க. ஒவ்வொண்ணும் 14 அடின்னு சொன்ன. எட்டையும் இப்பவே போடாத. நாலு போதும். நாலு நுனியையும் ஒரே பார்வையில பிடிக்கக் கண்ணு பழகட்டும், பிறகு ஆறு, பிறகு எட்டு. ஒரு ஆளு எத்தனை கம்பு போடலாம், எத்தனை மீன் எடுக்கலாம்னு அங்க சட்டம் உண்டு, ஏரிக்கு ஏரி மாறும். லைசென்ஸ் வாங்குற இடத்துல கேட்டுக்கோ.

முதல்ல எல்லாத் தூண்டிலையும் ஒரே ஆழத்துல இறக்காத. ஒண்ணு 4 அடி, ஒண்ணு 6, ஒண்ணு 8, ஒண்ணு 10. எதுல ரெண்டு தடவை கடிக்குதோ அந்த ஆழத்துக்கு மத்ததையும் கொண்டு வா. இந்த மீன் மேல பாத்து இரை எடுக்குற சாதி. அதனால மீன் நிக்குற இடத்துக்கு ஒரு அடி மேல நின்னாலும் பரவாயில்ல, கீழ போனா அது பாக்காது. தண்ணி அவங்க பாரன்ஹீட் கணக்குல 60 டிகிரி தாண்டினா முட்டை போடக் கரையோரம் ஏறும், அப்ப ஆழத்துல தேடிப் பிரயோஜனமில்ல.

வேகம் மணிக்கு அரை மைல். அதுக்கு மேல வேண்டாம். அரை அவுன்ஸ் ஈயம் கட்டினா தூண்டில் நரம்பு நேரா இறங்கணும். பின்னால சாயுதுன்னா நீ வேகமா ஓட்டுற, இரை மேல ஏறிட்டுன்னு அர்த்தம். நம்ம வள்ளத்துல நெய்மீனுக்கு இழுத்த மாதிரி படகு பின்பக்கம், அமரத்துக்குப் பின்னால விட்டு இழுக்குறதா இருந்தா கொஞ்சம் வேகம் கூட்டலாம். ஆனா திரும்பும்போது பெரிய வட்டமாத் திரும்பு. வெளிப்பக்கத்து நரம்பு வேகமெடுத்து மேல வரும், உள்பக்கத்துது தாழும். சட்டுனு திருப்பினா எல்லாம் பின்னிக்கும். அந்தச் சிக்கு எடுக்கவே பொழுது போயிடும்.

கடிச்சா வெட்டி இழுக்காத. அதுக்கு வாய் காகிதம் மாதிரி, கிழிஞ்சு போயிடும். கம்பை மெதுவாத் தூக்கி, வலையை அடியில கொடு. வலை வைக்க ஒரு ஆளு வேணும், அதுக்கும் சேத்துத்தான் தனியாப் போகாதேன்னு சொல்றேன்.

அம்மைக்கு நீ போன் போட்டுப் பதினாறு நாளாச்சு. சின்னவனுக்குப் படம் அனுப்ப நேரம் இருக்கு, பெத்தவளுக்கு ரெண்டு வார்த்தை பேச நேரம் இல்லையா?

படம் வந்த நாள் செவ்வாய், வியாழன், மறுபடி செவ்வாய். மூணுலயும் உச்சி வெயில். வியாழக்கிழமை ராத்திரி அம்மை பேசினப்ப, 'அவங்க ஆபீஸ்ல இருக்காங்க மாமி'ன்னு மருமக சொன்னா. நான் ஒண்ணும் கேக்கல. அங்கத்த லீவு எனக்குத் தெரியாது.

சுனாமிக்குப் பிறகு நான் முட்டத்துல வேற வள்ளத்துக்குப் போனேன்னு உனக்குச் சொல்லியிருக்கோம். போகல மக்கா. 2005 ஜனவரி கடைசியில இருந்து விடியக்காலம் மூணு மணிக்கு அம்மை தந்த சோத்துச்சட்டியைத் தூக்கிட்டு பஸ் ஏறி, லைட்ஹவுசுக்குக் கீழ பாறையில உக்காந்திருப்பேன். தண்ணி காலைத் தொட்டா உடம்பு நடுங்கும். கடலுக்குள்ள இறங்க முடியல. மத்தியானம் சோத்தைத் தின்னுட்டு, வட்டிக்கு வாங்கின பணத்தை மீன் பங்குன்னு கொண்டுவந்து கொடுப்பேன். ரெண்டு மாசம். அந்தப் பணத்துலதான் உனக்கு ஸ்கூல் ஷூ வாங்கினேன். நீ அதைப் போட்டுட்டுத் தெருவுல நடந்தது என்னால பாக்க முடியல, உள்ள போயிட்டேன்.

மாமா ஒருநாள் பாறைக்கு வந்து பக்கத்துல உக்காந்தார். ஒண்ணும் கேக்கல. அன்னைக்கு ராத்திரி அம்மைகிட்ட நானே சொன்னேன். அவ அழல. முதல் வாரமே தெரியும்னா. சட்டையில மீன் வாடை இல்லையாம். 'நீங்களாச் சொல்லட்டும்னுதான் இருந்தேன்'னா. ரெண்டு மாசம் அவ தனியாக் கிடந்து யோசிக்க விட்டிருக்கேன். கடலுக்குப் போகாதது தப்பில்ல மக்கா, அவளைத் தனியா விட்டதுதான் தப்பு.

சின்னவன் கல்யாணத்துக்கு நீ பணம் அனுப்ப வேண்டாம். சீட்டுப் பணம் சித்திரையில விழும், அது போதும். போன்ல சொன்னா அம்மைக்குக் கேக்கும்னுதான் தபால்ல எழுதுறேன்.

உனக்கு மத்தியானம்னா இங்க ராத்திரி பத்தரை. நான் திண்ணையிலதான் படுப்பேன், போன் பக்கத்துல இருக்கும். அம்மை அதுக்குள்ள தூங்கிடுவா.

ஜாக்கெட்டைப் போட்டுக்கோ.

அப்பா