முட்டையும் உப்புத் தண்ணீரும்

மானிப்பாய்

அன்பின் மகளுக்கு,

உன் மூத்த மகன் ஆலயத்துக்கு வரமாட்டேன் என்று நிற்கிறான், ஞாயிறு காலை வீட்டில் ஒரே சண்டை என்று நீ சொன்னதிலிருந்து அம்மாவுக்கு நித்திரை இல்லை. வட்ஸ்அப்பில் இரண்டு வரி எழுதி முடிக்கிற விசயமா இது? அதுதான் கடிதம்.

போன கிழமை ஓய்வுநாள் பாடசாலையில் மத்தேயு 5:13 பாடம். ‘நீங்கள் பூமிக்கு உப்பாயிருக்கிறீர்கள்.’ பென்சன் எடுத்தாலும் விஞ்ஞான வாத்தியார் புத்தி போகாதே. கண்ணாடிக் கிளாசும் முட்டையும் கல்லுப்பும் கொண்டு போனேன். சிலர் முகம் சுளித்தார்கள். 1823இல் வட்டுக்கோட்டையில் செமினறி என்ற உயர் பாடசாலையைத் தொடங்கிய அமெரிக்க மிஷனரிமார் வேதாகமத்தோடு வானியலும் கணிதமும் சேர்த்துத்தான் படிப்பித்தார்கள். எங்கள் மானிப்பாயில் மிஷனரி வைத்தியர் டொக்டர் கிறீன் மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். முட்டைக்கு மட்டும் என்ன தடை?

நல்ல தண்ணீரில் முட்டை தாழ்ந்தது. ஒரு கரண்டி உப்புப் போட்டுக் கலக்கினேன், அசையவில்லை. இன்னொன்று, அதற்கும் இல்லை. பிள்ளைகளுக்கு அலுப்புத் தட்டிவிட்டது. கடல்நீரிலேயே புது முட்டை தாழும், தெரியுமா? ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புத்தான். முட்டை மிதக்க அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் வேண்டும். விடாமல் போட்டேன். முதலில் பருத்த பக்கம் நிமிர்ந்தது, காற்றறை அங்கேதானே இருக்கிறது. கூர்ப்பக்கத்தை அடியில் ஊன்றியபடி கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டு நின்றது. பிறகு மெல்லக் கிளம்பி மேலே வந்துவிட்டது.

“உப்பு முட்டையைத் தூக்கிப்போட்டுது” என்றாள் ஒரு சின்னவள். இல்லை என்றேன். முட்டையின் நிறையும் மாறவில்லை, பருமனும் மாறவில்லை. உப்பு கரைந்து தண்ணீரின் அடர்த்தியைக் கூட்டியது. தூக்கியது அந்தத் தண்ணீர். நீ ஓ.எல். பரீட்சைக்குப் பாடமாக்கிய ஆக்கிமிடீசின் தத்துவம்தான்: முட்டை ஒதுக்குகிற தண்ணீரின் நிறை எவ்வளவோ, அவ்வளவு விசையோடு தண்ணீர் அதை மேலே தள்ளும். கிளாசுக்குள் உப்பைத் தேடினால் கண்ணுக்குத் தெரியாது.

அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் உன் மகன் நினைவுக்கு வந்தான். நீ கரண்டியால் முட்டையைத் தூக்கப் பார்க்கிறாய், பிள்ளை. ஞாயிறு காலை இழுத்துக்கொண்டு போய் வாங்கில் இருத்தலாம், கையை எடுத்தால் திரும்பவும் தாழும். அதை விட்டுவிட்டு உன் வீட்டுத் தண்ணீரைப் பார். ஆராதனை முடிந்து வந்து, சாப்பாட்டு மேசையில் போதகரையும் சபையையும் நீயும் மருமகனும் கிழிகிழியென்று கிழிக்கிறீர்கள் என்று நீதானே சிரித்துக்கொண்டு சொன்னாய்? அது அவன் காதிலும் விழுகிறது. படுக்கமுன் எல்லோருமாகச் சேர்ந்து ஜெபிக்கிற வழக்கம் இப்போது இருக்கிறதா? கோபிக்காதே, அப்பா கேட்காமல் வேறு யார் கேட்பது.

அதே வசனத்தில் ‘உப்பானது சாரமற்றுப்போனால்’ என்று வருகிறதே. “சோடியம் குளோரைட்டு எப்படி, சேர், சாரமற்றுப் போகும்?” என்று ஏ.எல். படிக்கிற பெடியன் ஒருவன் மடக்கினான். நல்ல கேள்வி. தூய உப்பு போகாதுதான். கடல்நீர் வற்றும்போது உப்புக்கு முந்தி ஜிப்சம் என்ற கனிமம் படியும், ஆனையிறவு உப்பளத்திலும் அப்படித்தான். அந்தக் காலத்துச் சுத்திகரிக்காத உப்பில் இப்படிக் கலப்படம் நிறைய. ஈரம் பட்டு உப்பு கரைந்து போனால் பார்வைக்கு வெள்ளையாய்ச் சுவையில்லாத மண்தான் மிஞ்சும் என்று விளக்கம் சொல்வார்கள். எனக்கு அது பொருத்தமாய்ப் படுகிறது. பேருக்குக் கிறிஸ்தவர்களாய் இருக்கிற எங்களைப் போன்றவர்களுக்கு இன்னும் பொருத்தம்.

ஆனால் இந்த உதாரணத்தை அளவுக்கு மிஞ்சி இழுக்கக் கூடாது. முட்டைக்கு மனம் இல்லை, பிள்ளைக்கு உண்டு. நீ எவ்வளவு செய்தாலும் அவன் வரமாட்டேன் என்று நிற்கலாம். தேவன் அந்தச் சுதந்திரத்தோடுதான் எங்களையும் படைத்தார்.

வருகிற ஞாயிறு அவனை வீட்டில் விட்டுவிட்டு நீங்கள் போங்கள். அவனை எனக்கு வீடியோ கோல் எடுக்கச் சொல். உப்புத் தண்ணீருக்கு மேல் நல்ல தண்ணீரைக் கரண்டி வழியே மெல்ல ஊற்றினால் முட்டை நடுவில் நிற்கும், அதைச் செய்து காட்டுகிறேன். வசனம் ஒன்றும் சொல்லமாட்டேன், பயப்படாதே. முட்டை மட்டும் புதிதாய் வாங்கி வை. உப்பில்லாத தண்ணீரிலேயே மிதந்தால் அது பழசு.

அன்புடன்
அப்பா