ஒரு நாள் செலக்‌ஷன் வேணாம், ஒரு வாத்தியார் குடுங்க: சென்னை பேர்ல ரக்பி டீம் நடத்துறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் சார், வணக்கம் மேடம்.

நான் வியாசர்பாடி. பகல்ல ஹார்பர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டுல வேல, சாயங்காலம் அஞ்சரைக்கு மேல எங்க ஏரியா கிரவுண்டுல ஒரு இருவது இருவத்தஞ்சு பசங்களுக்கு ரக்பி சொல்லிக் குடுக்குறேன். சொல்லிக் குடுக்குறேன்னா பெரிய வார்த்த, காலேஜ்ல மூணு வருஷம் ஆடுனத வச்சு தெரிஞ்சத காட்டுறேன், அவ்ளோதான். அதுக்கு முன்னாடி நான் கபடி ஆளு.

2025 ஜூன்ல மொத ரக்பி பிரீமியர் லீக் நடந்துச்சில்ல, மும்பைல, அந்த ஃபைனல டீக்கட வாசல்ல ஒரு போன டம்ளர்ல சாச்சு வச்சுக்கிட்டு பசங்களோட பாத்தோம். உங்க சென்னை புல்ஸ் டெல்லிய 41-0ன்னு தொவச்சு எடுத்தாங்க. பசங்க போட்ட சத்தத்துல டீக்கட அண்ணன் ரெண்டு தடவ வெளிய வந்து மொறச்சாரு. எல்லாம் முடிஞ்சு கெளம்பும்போது ஒரு பொடியன், எட்டாவது படிக்கிறான், "ண்ணா, இந்த டீம்ல சேரணும்னா எங்க போயி பேர் குடுக்கணும்"னு கேட்டான். எனக்கு பதில் தெரியல. அதான் இந்த லெட்டர்.

மொதல்லயே சொல்லிடுறேன், "சென்னைன்னு பேர் வச்சுட்டு எங்க பசங்க ஏன் இல்ல"ன்னு சண்டைக்கு வரல. மொத சீசன் கணக்குப்படி ஒரு டீமுக்கு 13 பேரு, அதுல அஞ்சு பேர் வெளிநாட்டு ஸ்டாரு, மூணு பேர் பிரிட்ஜ் பிளேயர்னு நடுத்தர ரக்பி நாடுங்கள்லேர்ந்து வர்றவங்க, மிச்சம் அஞ்சு எடத்துக்குத்தான் நம்ம நாட்டு ஆளுங்க, அதுவும் ஏலத்துல நாடு பூரா இருக்குற பிளேயருங்கள்லேர்ந்து எடுக்குறது. அந்த அஞ்சுல ஒண்ணு எங்களுக்கு ஒதுக்குங்கன்னு கேட்டா அது நியாயமே இல்ல, இன்னைக்கு எங்ககிட்ட அந்த தரத்துல ஒருத்தன் கூட கெடையாது. நான் கேக்குறது ஆறேழு வருஷம் கழிச்சு அந்த ஏலத்துல நிக்கிற மாதிரி நாலு பேர வளக்கறதுக்கு என்ன பண்ணப் போறீங்கன்னு. பண்ணுறதா இருந்தா தயவு செஞ்சு ஒரு நாள் செலக்‌ஷன் மட்டும் வைக்காதீங்க.

ஏன் சொல்றேன்னா எங்க ஏரியா அத நெறைய பாத்துருச்சு. ஒரு ஞாயித்துக்கெழம காலைல பேனர் கட்டி, நெஞ்சுல நம்பர் ஒட்டி, நாப்பது மீட்டர் ஓட விட்டு, ஸ்டாப்வாட்ச்ல டைம் எழுதிக்கிட்டு, ஒரு வாட்டர் பாட்டிலும் பிஸ்கட் பாக்கெட்டும் குடுத்து அனுப்புவாங்க. எனக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தன் ஃபுட்பால்ல அப்படித்தான் செலக்ட் ஆனான், பதினஞ்சு வயசு, ஒரு அகாடமி கூட்டிட்டுப் போச்சு, பேர் வேணாம். அவங்கம்மா தெருவுக்கே கேசரி குடுத்துச்சு. ஒம்போது மாசத்துல முட்டி போயி திரும்பி வந்தான், கூட ஒரு ஸ்கேன் ரிப்போர்ட் மட்டும்தான் வந்துச்சு. பிசியோ யாரு, எத்தன மாசம் எக்சர்சைஸ், ஸ்கூல்ல விட்ட பாடத்துக்கு என்ன, ஒண்ணும் சொல்லல, ஒரு போன் கூட வரல. இப்ப ஆன்லைன் டெலிவரி பண்ணிட்டு இருக்கான், கிரவுண்ட் வழியா வண்டில போவான், நிறுத்த மாட்டான்.

வட சென்னைக்கு ஆள வளக்கத் தெரியாதுன்னு யாரும் சொல்ல முடியாது சார். இங்க குத்துச்சண்டை பரம்பரைன்னு இருந்துச்சு, சார்பட்டா, இடியப்ப நாயக்கர்னு, எங்க தாத்தா காலத்து கத. அந்தப் பரம்பரைல வாத்தியாருன்னா பையன் எந்தத் தெரு, அப்பன் குடிப்பானா, நேத்து சோறு தின்னானா எல்லாம் தெரிஞ்சவரு. போன வருஷம் வந்து இந்த வருஷம் வேற ஊருக்கு மாத்தல் ஆகுற ஆளு கெடையாது. நீங்க அகாடமின்னு சொல்றீங்க, எங்களுக்கு அது வாத்தியாருதான். சம்பளம் வாங்கிக்கிட்டு வாரத்துக்கு அஞ்சு சாயங்காலம் ஒரே கிரவுண்டுல, மழையோ வெயிலோ, ஒரே மூஞ்சி வந்து நிக்கணும். பேனர், ஜெர்சி, யூடியூப் வீடியோ எல்லாத்துக்கும் ஆகுற செலவுல அந்த ஒருத்தர் சம்பளம் வந்துரும்னு நெனைக்கிறேன்.

இப்ப விளையாட்டு விஷயத்துக்கு வரேன், இதான் எனக்கு பேசப் பிடிச்ச எடம்.

எங்க பசங்க வெறும் ஆளா வர மாட்டாங்க, ஏற்கெனவே கபடியோ ஃபுட்பாலோ ஒடம்புல ஏறி வருவாங்க. வெளில இருக்குறவங்க "கபடி பையன் தானே, டேக்கிள் ஈசியா வரும்"னு நெனைப்பாங்க (டேக்கிள்னா பந்தோட ஓடுறவன கட்டிப் புடிச்சு கீழ தள்ளுறது), பாதிதான் உண்ம. கால புடிக்கிறது, கீழ எறங்கி தொடைய கட்டுறது, பயமில்லாம ஒரு ஆள் மேல பாயுறது எல்லாம் வரும். ஆனா கபடில கத்துக்குற மொத பாடமே புடிச்சா விடாதங்கறது, அந்த முப்பது செகண்ட் ரைடு முடியுற வரைக்கும் உயிர் போனாலும் விடக் கூடாது. ரக்பில ஆளத் தள்ளி தரைல போட்ட அடுத்த நொடி விட்டுறணும், விட்டுட்டு உருண்டு நகரணும், இல்லன்னா பெனால்டி. எங்க பசங்க கீழ விழுந்தவன கட்டிக்கிட்டே கெடப்பானுங்க, நான் "விட்றா விட்றா"ன்னு கத்தி கத்தி தொண்ட கட்டிப் போகும். இன்னொன்னு டேஷ். ரைடர தோள்பட்டையால இடிச்சு கோட்டுக்கு வெளிய அனுப்புறது கபடில கைதட்டல் வாங்குற வேல, இங்க கை போட்டு கட்டாம தோள்ல இடிச்சா தப்பு, கார்டு கூட காட்டிருவாங்க. ஸ்டாப்வாட்சோட ஒரு காலைல வர்றவரு இதப் பாத்தா "ரூல் தெரியாத பையன்"னு எழுதிட்டுப் போயிருவாரு, ஆனா நாலு மாசம் கூட இருக்குற வாத்தியாருக்குத் தெரியும், விடுறத சொல்லிக் குடுத்துறலாம், பயமில்லாம பாயுறத சொல்லிக் குடுக்க முடியாது.

ஃபுட்பால் பசங்க கத வேற. பந்து கைல வந்தா முன்னாடிதான் குடுப்பானுங்க, அது அவங்க ரத்தத்துல இருக்கு. முன்னாடி ஓடு, பின்னாடி குடுங்கறது மண்டைல ஏற ரெண்டு மாசம் ஆகும். ஆனா செவன்ஸ்ல (டீமுக்கு ஏழு பேர் ஆடுற ரக்பி, இந்த லீக்ல ஆடுறதும் அதான்) டிரை போட்டப்புறம், அதாவது எதிராளி கோட்டத் தாண்டி பந்த தரைல வச்சப்புறம், கெடைக்குற கன்வர்ஷன் ஒதை டிராப் கிக்குதான், பந்த கீழ விட்டு அது தரைல பட்டு எழும்பும்போது ஒதைக்கணும், தரைல வச்சு ஒதைக்க விட மாட்டாங்க, டிரை போட்ட டீம்தான் திரும்ப கிக் ஆஃப் பண்ணணும், அதுவும் டிராப் கிக்குதான், அப்போ காலு நல்லா இருக்குறவன் எவ்ளோ பெரிய சொத்துன்னு பாருங்க. முல்லை நகர் பக்கம் வெறுங்கால்ல ஆடுற பொடிசுங்கள கூட்டிட்டு வந்து அந்த முட்ட பந்த கைல குடுத்துப் பாருங்க, பத்தாவது ஒதைல எங்க குத்தி எழும்பும்னு கண்டுபுடிச்சுருவான்.

வயசு விஷயத்துலயும் ஏமாந்துறாதீங்க. அண்டர் ஃபோர்ட்டீன்னு வரிசைல நிக்க வச்சா மீச மொளச்சவன்தான் ஜெயிப்பான், நேரா ஓடி நாலு பேர தள்ளிட்டுப் போவான், எல்லாரும் ஆகா ஓகோன்னு சொல்வாங்க. ரெண்டு வருஷத்துல மத்தவனும் வளந்துருவான், அப்ப இவனுக்கு பாஸும் தெரியாது வளையவும் தெரியாது. எங்க ஊர்ல இன்னொரு கூத்து, பாதி பசங்களுக்கு ஸ்கூல்ல சேக்கும்போது போட்ட ஜூன் மாச பொறந்த நாளுதான், நெஜமான தேதி ஆயாவுக்கே சரியா தெரியாது, "அந்த பெரிய மழ வருஷம்"னு சொல்லும். அதனால சர்டிபிகேட்ட விட ஒடம்பு சைஸ் பாத்து குரூப் பிரிச்சு ஆட விடுங்க, வருஷத்துல கொஞ்ச நாளாவது. ஒல்லியா இருக்கான்னு அனுப்புன பையன் பேரையும் ஒரு நோட்டுல எழுதி வைங்க.

லேட்டா வந்தவனயும் தொரத்தாதீங்க. அமெரிக்காவுல கார்லின் ஐல்ஸ்னு ஒருத்தர் 100 மீட்டர் ஓடிட்டு இருந்தவரு, 2012ல தான் ரக்பிக்கே வந்தாரு. பெர்ரி பேக்கர் அவங்க ஊர் ஃபுட்பால்ல முட்டி அடிபட்டு பூச்சி மருந்து அடிக்கிற கம்பெனில வேல பாத்தவரு, அப்புறம் 2017லயும் 2018லயும் உலகத்துலயே சிறந்த செவன்ஸ் பிளேயர். அவ்ளோ தூரம் வேணாம், பீகார்ல ஸ்வீட்டி குமாரி ஓட்டப்பந்தயத்துலேர்ந்து வந்த பொண்ணுதான், இந்தியாவுக்கு ஆடுது. முட்டின்னதும் திரும்ப அந்த டெலிவரி பையன்தான் ஞாபகம் வரான், சரி விடுங்க.

பொண்ணுங்கன்னு சொன்னேன்ல, எங்க குரூப்ல ஏழு பேர் இருக்காங்க, டேக்கிள்ல ஆம்பள பசங்கள விட சுத்தம். வண்ணாரப்பேட்டை பக்கம் ஆட்டோ ஓட்டுறவர் பொண்ணு காசிமா 2024ல அமெரிக்கா போயி கேரம்ல மூணு வேர்ல்டு கோல்டு அடிச்சுட்டு வந்தப்புறம் இந்தப் பக்கம் அப்பாங்க கொஞ்சம் எறங்கி வந்துருக்காங்க. ஆனா எட்டு மணிக்கு இருட்டுல தனியா வீட்டுக்கு அனுப்ப மாட்டாங்க, வேன் ஒண்ணு விட்டா இந்த ஏழு பேர் இருவது பேராகும். உடுப்பு மாத்த ஒரு கதவு வச்ச ரூமும் வேணும், அத நான் சொல்ல வேண்டி இருக்கே.

அப்புறம் வீடு. ஞாயித்துக்கெழம செலக்‌ஷன் வச்சா எங்க நல்ல பசங்க பாதி வர மாட்டான், கல்யாண மண்டபத்துல கேட்டரிங்குக்கு போயிருப்பான், ஐநூறு அறுநூறு கெடைக்கும், அந்தக் காசுதான் அடுத்த வாரம் நோட்டு புக்கு. காசிமேட்டுப் பசங்களுக்கு இன்னும் கஷ்டம், ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு மீன்பிடி தடைக்காலம், படகு கடலுக்குப் போகாது, வீட்ல காசு பொழங்காது, அப்பதான் பையன் எதாவது வேலைக்கு ஓடுவான். சம்மர் கேம்ப்னு எல்லாரும் போடுறது கரெக்டா அந்த மாசத்துலதான்! கேம்புல ரெண்டு வேள சோறு, தெனம் ரெண்டு முட்ட, பஸ் காசு, இது தானம் இல்ல, பூட்ஸ் மாதிரி அதுவும் ஒரு கருவி. பட்டினியா இருக்குறவன டேக்கிள் பண்ண விட்டா எலும்புதான் ஒடையும்.

தலைல அடிபட்டா என்ன பண்ணுவீங்கங்கறத அம்மாங்க கிட்ட நேரா, தமிழ்ல, ஒக்காந்து சொல்லுங்க. லேசா சந்தேகம் வந்தாலும் ஆட்டத்த விட்டு தூக்கணும், அன்னைக்கு திரும்ப எறக்கவே கூடாதுன்னு உலக ரக்பி ரூலே இருக்கு. ஆனா நம்ம ஊர்ல "தண்ணி தெளிச்சு அனுப்புறா"ன்னு சொல்ற பழக்கம் இருக்கு, நானே கபடில அப்படி எறங்கி ஆடிருக்கேன், வீட்டுக்கு எப்படிப் போனேன்னு இன்னும் ஞாபகம் இல்ல.

இதெல்லாம் முடியாத காரியம்னு சொல்லாதீங்க. கல்கத்தாவுல ஜங்கிள் க்ரோஸ்னு ஒரு கிளப் பசங்கள வச்சு வருஷக்கணக்கா நடத்துறாங்க. புவனேஸ்வர்ல கிஸ்ங்கற பழங்குடி பள்ளிக்கூடத்துப் பசங்க 2007லயே லண்டன் போயி அண்டர் ஃபோர்ட்டீன் கப்ப தூக்கிட்டு வந்தாங்க. ரெண்டுமே தெனம் ஆள் நிக்கிற எடம். பிரான்ஸ்ல பெரிய லீக்ல மேட்சுக்கு எறங்குற 23 பேர்ல சராசரியா 16 பேராவது அந்த நாட்டு அகாடமிங்கள்ல வளந்தவனா இருக்கணும்னு ரூல், பாஸ்போர்ட்ட பாக்குறதில்ல, சின்ன வயசுல எங்க பயிற்சி எடுத்தாங்கறதுதான் கணக்கு. நம்ம லீக்லயும் வருங்காலத்துல ஒரே ஒரு எடமாவது டீமே வளத்த பிளேயருக்குன்னு வச்சா, ஓனருங்க தானா கிரவுண்டு தேடி வருவாங்க. லீக் மீட்டிங்ல நீங்க பேசிப் பாக்கலாம், கப்பு ஜெயிச்ச டீம் பேசுனா கேப்பாங்க.

கிரவுண்டுன்னதும் ஒண்ணு. 2024 அக்டோபர்ல மாநகராட்சி செயற்கை புல் மைதானங்கள தனியாருக்கு விட்டு ஆளுக்கு மணிக்கு 120 ரூபான்னு தீர்மானம் போட்டு, எதிர்ப்பு வந்து ஒடனே வாபஸ் வாங்குனாங்க. அதுலேர்ந்து எங்க ஆளுங்களுக்கு யாரு ஷூ போட்டு கிரவுண்டுக்குள்ள வந்தாலும் ஒரு சந்தேகம். நீங்க வந்தா மொதல்ல ஏரியா ஃபுட்பால், கபடி வாத்தியாருங்க கிட்ட பேசிட்டு வாங்க, அவங்க டைம புடுங்காதீங்க, அவங்க பையன கூட்டிட்டுப் போனா அவங்க பேரையும் போடுங்க.

கடைசியா, எடுக்காம விடுற பசங்க. இருவது பேர்ல ஒருத்தன் ஏலம் வரைக்கும் போனாலே பெருசு, அது எனக்கும் தெரியும். மிச்ச பத்தொம்போது பேருக்கு ரெஃப்ரி கோர்ஸ், கோச்சிங் லெவல் ஒன், ஸ்டேட் ஆடுன சர்டிபிகேட் இதுல எதாவது ஒண்ணு கைல இருக்கணும். தமிழ்நாட்டுல அரசு வேலைல விளையாட்டு ஒதுக்கீடு 3 சதவீதம் இருக்கு, பெரம்பூர்ல ஐசிஎஃப் ரயில் பெட்டி ஃபேக்டரி இருக்கு, அதுக்கெல்லாம் என்ன பேப்பர் வேணும்னு சொல்ல எங்க ஏரியாவுல ஆளில்ல. வெளிய அனுப்பும்போது எஸ்எம்எஸ் அனுப்பாம, வீட்டுக்கு வந்து அப்பா அம்மா முன்னாடி காரணத்த சொல்லுங்க. திட்டுவாங்க. பரவால்ல, டீ குடுத்துட்டுதான் திட்டுவாங்க.

நாங்க திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் அஞ்சரைக்கு ஆரம்பிக்கிறோம், எட்டு மணிக்கு லைட்ட ஆஃப் பண்ணிருவாங்க. சொல்லிட்டெல்லாம் வர வேணாம், ஓரமா நின்னு பாருங்க. வரும்போது நாலாம் நம்பர் சைஸ் பந்து ஒரு அஞ்சு எடுத்துட்டு வந்தா நல்லாருக்கும், எங்ககிட்ட இருக்குறது ரெண்டு, அதுல ஒண்ணுல காத்து நிக்கல.

இப்படிக்கு,
வியாசர்பாடிலேர்ந்து ஒரு பழைய கபடிக்காரன்