பிணைக் கையெழுத்து வெறும் சம்பிரதாயம் அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடன் எடுத்தவர் கட்டத் தவறினால் பிணை நின்றவரைப் பிடிப்பது நியாயமா என்று ஊரில் பலரும் கேட்கிறார்கள். பிணை நின்று பட்டவன் என்ற முறையில் இதுபற்றிச் சிறிது எழுத விரும்புகிறேன்.

உறவுக்காரத் தம்பி ஒருவர் லீசிங்கில் முச்சக்கரவண்டி எடுத்தபோது, யாழ். நகரிலுள்ள நிதி நிறுவனம் ஒன்றில் அவருக்காகக் கையெழுத்திட்டேன். முழுவதும் ஆங்கிலத்தில் இருந்த படிவத்தில், நான் கையெழுத்திட வேண்டிய இடங்களில் எல்லாம் பென்சிலால் புள்ளடி போட்டிருந்தார்கள். "இது சும்மா ஒரு சம்பிரதாயம்தான் சேர்" என்றார் உத்தியோகத்தர். வாசிக்காமலே ஆறு இடங்களில் கையெழுத்து வைத்தேன். அது என் பிழை, அதை எவர் தலையிலும் கட்ட நான் வரவில்லை.

ஆனால் சட்டம் அதைச் சம்பிரதாயமாகக் கருதுவதில்லை. பிறருடைய கடனுக்குப் பொறுப்பேற்கும் வாக்குறுதி எழுத்தில் இருந்து, கையெழுத்திடப்பட்டிருந்தால்தான் வலுப்பெறும் என்பது 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச்சட்டத்தின் ஏற்பாடு. எங்கள் நாட்டில் வழங்கும் உரோமன் டச்சுச் சட்டம் பிணையாளிக்கு இரண்டு பாதுகாப்புகளையும் தருகிறது: முதலில் கடனாளியின் சொத்தில் அறவிட்டுப் பாருங்கள் என்று கேட்கலாம்; பிணையாளிகள் பலர் இருந்தால் என் பங்கை மட்டுமே தருவேன் என்றும் சொல்லலாம். இந்த இரண்டு உரிமைகளையும் துறப்பதாக அச்சிட்ட வரிகளுக்குக் கீழேதான் நான் கையெழுத்திட்டிருந்தேன் என்பதைச் சட்டத்தரணி வாசித்துக் காட்டியபோதே அறிந்தேன்.

ஒருவருக்கொருவர் பிணை நின்று குழுக்கடன் எடுக்கும் பெண்களின் நிலை என்னுடையதிலும் கடினமானது. கணவன் நோயில் விழுந்ததால் ஒருத்தி கட்ட முடியாமற் போனால், குழுவில் உள்ள மற்றவர்கள் அந்தத் தவணையைச் சேர்த்துக் கொடுக்கும்வரை தவணை அறவிடும் கூட்டம் கலையாது. தன் தோட்டை அடைவு வைத்து அயலவளின் தவணையைக் கட்டிய ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் எடுத்த இத்தகைய சிறு கடன்களில், அதாவது நுண்கடன்களில், ஒரு பகுதியை அரசு 2018 இல் தள்ளுபடி செய்தது. வருமானத்தைச் சரிவர விசாரிக்காமல் கடன் கொடுப்பது நிறுவனத்தின் சொந்தச் செயல். அந்தச் செயலின் பொறுப்பு முழுவதையும் அயலவர்மீது இறக்கிவிடுவதைச் சட்டம் அனுமதித்தாலும் மனச்சாட்சி அனுமதிக்காது.

ஆகவே, பிணைப் படிவம் தமிழில் இருக்க வேண்டும். துறக்கப்படும் உரிமைகளை வாய்விட்டு விளக்கி, பிரதி ஒன்றைப் பிணையாளியின் கையில் கொடுக்க வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமாக, முதல் தவணை தவறிய உடனேயே அவருக்கு அறிவிக்க வேண்டும். எனக்கு அறிவித்தல் வந்தபோது ஒன்பது தவணைகள் நிலுவையாகி, தம்பியும் வெளிநாடு போய்விட்டார். முதல் மாதமே தெரிந்திருந்தால் அவருடைய வீட்டுக்குப் போய்ப் பேசி, வண்டியையாவது திருப்பிக் கொடுக்கச் செய்திருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
கோண்டாவில்.