வழுக்குப்பாறையில் அப்பாவைத் தாங்கியவர்களுக்கு

அன்பு உள்ளங்களுக்கு வணக்கம்.

கடந்த சித்திரையில் அப்பாவைக் கோவைக்கு அருகிலுள்ள வெள்ளியங்கிரி மலைக்கு அழைத்துச் சென்றோம். அவருக்கு வயது 61. ஏழு மலையும் ஏறி, உச்சியில் இருக்கும் சிவனை, வெள்ளியங்கிரி ஆண்டவரைப் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

ஏறும்போது ஒரு குறையும் இல்லை. பூண்டி அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்கி, முதல் மலையில் வெள்ளை விநாயகரைக் கும்பிட்டு, இரவெல்லாம் காட்டுக்குள் நடந்தோம். மரங்கள் ஓய்ந்து புல்வெளி தொடங்கியதும் காற்று ஆளைத் தள்ளியது. ஆண்டி சுனையில் உடல் விறைக்கக் குளித்து, ஏழாம் மலைப் பாறைகளுக்கு நடுவே ஆண்டவரைக் கண்டோம். விடிந்தபோது தொலைவுப் பள்ளத்தில் சிறுவாணி நீர் வெள்ளித்தகடாகக் கிடந்தது. அப்பா பேச்சற்றுப் பாறையில் உட்கார்ந்திருந்தார்.

இறங்கும்போதுதான் வழுக்குப்பாறையில் கால் பிசகியது. கணுக்கால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீங்கியது. கைபேசியில் சிக்னல் இல்லை.

கோபிப் பக்கத்துத் தம்பிகளே, நீங்கள் இருவரும் மேலே ஏறிக்கொண்டிருந்தீர்கள். "சாமியை அடுத்த வருடம் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லிவிட்டு, ஆள் அழைத்துவர அடிவாரத்துக்கு ஓடினீர்கள். அந்த ஒரு சொல்லை அப்பா இன்றும் சொல்லிச் சொல்லிக் கலங்குகிறார்.

கம்பில் தொட்டில் போலக் கட்டிய டோலியைத் தூக்க வந்த நால்வருக்கு எப்படி நன்றி சொல்வது! மூத்தவர் வந்ததும் டோலியைத் தொடவில்லை. அப்பாவின் மூங்கில் தடியை இரண்டாக ஒடித்துக் கணுக்காலின் இருபுறமும் வைத்தார். தோளில் கிடந்த தம் துண்டால் கட்டினார். கட்டுக்குள் ஒரு விரலை நுழைத்து, இறுக்கம் சரிதானா என்று பார்த்துக்கொண்டார். செங்குத்தான படிகளில் முன்னால் போகிறவர் கம்பைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்க, பின்னால் வருகிறவர் முழங்கால் மடித்துத் தாழ்த்திப் பிடித்தார். அப்படிப் பிடித்தால்தான் உள்ளே இருப்பவர் முன்பக்கம் சரியமாட்டாராம். வெறுங்கால்கள். ஆள் மாற்றியபோதும் டோலி தரையில் படவில்லை. பேசிய கூலிக்கு மேல் நான் நீட்டியதை வாங்க மறுத்துவிட்டார்கள். ஒவ்வொரு பருவத்திலும் இப்படி எத்தனையோ பேரைச் சுமந்து இறக்குகிறார்கள். இறக்கப்பட்டவரின் பெயர் செய்தியில் வருகிறது. இறக்கியவர்களின் பெயரை யாரும் கேட்பதில்லை. நானும் அன்று இருந்த பதற்றத்தில் கேட்கவில்லை. அது என் பிழை, மன்னியுங்கள்.

குறுகிய படிகளில் பாறையோடு ஒட்டி நின்று வழிவிட்ட பக்தர்களுக்கும், சுக்குக் காபிக்குக் காசு வாங்காத கடைக்காரருக்கும், அடிவாரத்தில் காத்திருந்த வனத்துறைக் காவலர்களுக்கும், 108 ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

எலும்பில் விரிசல் மட்டும்தான். மாவுக்கட்டுப் பிரித்தாயிற்று, அப்பா தெருமுனை வரை நடக்கிறார். மூத்தவரே, உங்கள் துண்டைத் துவைத்து மடித்து அம்மா பீரோவில் வைத்திருக்கிறார். அடுத்த பருவத்தில் மலைப்பாதை திறந்ததும் பூண்டிக்குக் கொண்டு வருகிறோம். உங்கள் பெயரையும் அப்போது கேட்டுக்கொள்கிறேன்.