மீட்டர் சிமிட்டுவதை எண்ணச் சொன்னேன்

தண்டையார்பேட்டை,
ஞாயிறு மாலை.

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. காலாண்டுத் தேர்வு, விடைத்தாள் கட்டு, நடுவில் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று ஓடிப்போனது. அம்மா இப்போது நலம். கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு முன்னைவிடக் கூடுதலாகவே சீரியல் பார்க்கிறார். உன் பெரியவள் நர்சிங்கில் சேர்ந்தது கேட்டு ரொம்ப சந்தோஷம். அவளுக்கு ஊசி என்றால் பயம் என்பாயே, அது என்ன ஆயிற்று?

டிசம்பர் 14 தேசிய எரிசக்தி சேமிப்பு நாளுக்குப் பள்ளியில் என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தாய். இங்கே வழக்கமாக நடப்பது உனக்கும் தெரிந்ததுதான்: உறுதிமொழி, ஊர்வலம், ஓவியப் போட்டி. பிள்ளைகள் ஒரு குண்டு பல்பை வரைந்து, அதற்குக் கண்ணும் மூக்கும் வைத்து அழ விடுவார்கள். நன்றாகத்தான் வரைகிறார்கள். ஆனால் எல்லாப் பழியையும் பல்பின் தலையில் போடுவது எனக்குப் பிடிக்கவில்லை. கணக்குப் போட்டுப் பாரேன். 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 9 வாட் எல்இடி பல்பு நாளைக்கு 6 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு 3 யூனிட்டுக்குச் சற்று மேல். அதே வீட்டில் 75 வாட் பழைய சீலிங் ஃபேன் நாளைக்கு 20 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 90 யூனிட். இரண்டு மாதத்துக்கு அரசு இலவசமாகத் தரும் 100 யூனிட்டில் ஒரே ஒரு ஃபேன் 90-ஐ விழுங்கிவிடுகிறது. இதைச் சொல்லாமல் "விளக்கை அணை, நாட்டைக் காப்பாற்று" என்றால் பிள்ளைகள் அணைப்பார்கள், பில் குறையாது, அப்புறம் நம் பேச்சை நம்ப மாட்டார்கள்.

அதனால் இந்த ஆண்டு எட்டாம் வகுப்பில் வாசகம் எதுவும் எழுதிப் போடவில்லை. மீட்டரைப் பார்க்கச் சொன்னேன். இப்போதைய எலக்ட்ரானிக் மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும், கவனித்திருப்பாய். ஒரு யூனிட்டுக்கு அது எத்தனை முறை சிமிட்டும் என்பது மீட்டரின் முகப்பிலேயே அச்சடித்திருக்கும். என் வீட்டில் 3200. வீட்டில் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒரு பொருளை மட்டும் போட்டு, கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ண வேண்டும். 75 வாட் ஃபேன் என்றால் 15 விநாடிக்கு ஒரு சிமிட்டல். எல்இடி பல்புக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். பிள்ளைகள் பொறுமையிழந்து "மிஸ், மீட்டர் கெட்டுப்போச்சு" என்றே முடிவு கட்டிவிட்டார்கள். அப்புறம் 1000 வாட் அயர்ன் பாக்ஸ்: நிமிடத்துக்கு 53. தண்ணீர் காய்ச்சும் 1500 வாட் ராட் போட்டால் நிமிடத்துக்கு 80, விநாடிக்கு ஒன்றுக்கு மேல் படபடவென்று அடிக்கும். அதைப் பார்த்த பிள்ளைக்கு வாட் என்றால் என்னவென்று நான் தனியாகப் பாடம் நடத்தவே வேண்டியிருக்கவில்லை.

ஒரு பெண் பழைய பெட்டி ரெகுலேட்டர் வைத்த ஃபேனை 5-லிருந்து 2-க்குக் குறைத்து எண்ணிவிட்டு, "காத்து பாதியாயிடுச்சு மிஸ், சிமிட்டுறது பாதியாகல" என்றாள். எவ்வளவு சரியான கேள்வி! அந்தப் பெட்டிக்குள் இருப்பது வெறும் மின்தடை. மிச்சமாவதாக நாம் நினைக்கும் கரண்டில் நல்ல பங்கு அங்கேயே சூடாகப் போய்விடுகிறது. எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் என்றால் குறையும். இன்னொருவன் ரிமோட்டில் டிவியை அணைத்த பிறகும் செட் டாப் பாக்ஸ் கரண்ட் தின்பதைக் கண்டுபிடித்துவிட்டு, தெருவில் வீடு வீடாகப் போய்ச் சுவிட்சை அணைத்துக்கொண்டிருந்தானாம்.

எல்லாம் சுபமாகப் போனது என்று நினைக்காதே. காசிமேட்டிலிருந்து வரும் பையன் ஒருவன், எல்லோரும் தூங்கிய பிறகு இரவில் ஃபிரிட்ஜை அணைத்திருக்கிறான். வஞ்சிரத் துண்டுகள் வாடை அடித்துவிட்டன. மறுநாள் காலை அவன் அம்மா கேட்டில் நின்றுகொண்டு, "படிப்பு சொல்லிக் குடுங்க டீச்சர், எங்க வீட்டு ஃபிரிட்ஜை நிறுத்தச் சொல்லிக் குடுக்காதீங்க" என்றார். கெட்டுப்போன மீனின் விலைக்கு இரண்டு மாத பில்லைக் கட்டியிருக்கலாம், அவர் கோபம் நியாயம்தான். அன்று பாடத்தையே ஃபிரிட்ஜ் பக்கம் திருப்பினேன். அணைத்தால் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது, காலையில் போட்டதும் விட்ட குளிரை எல்லாம் பிடிக்க அது விடாமல் ஓடும். செய்ய வேண்டியது வேறு. சூடான குழம்பை ஆற வைத்த பிறகு உள்ளே வை. ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் பனி கட்டியாகப் படிந்தால் உருக விடு. கதவு ரப்பருக்கு நடுவில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பார், சுலபமாக வந்துவிட்டால் ரப்பர் தளர்ந்துவிட்டது. தாள் இழுக்கும் சோதனை அவர்களுக்கு அவ்வளவு பிடித்துப்போனது.

ஆனால் எனக்கு உறுத்துவது வேறு. வகுப்பில் பாதிக்கு மேல் வாடகை வீட்டுப் பிள்ளைகள். "எங்க மீட்டர் ஹவுஸ் ஓனர் பூட்டி வெச்சிருக்காரு மிஸ்" என்று ஒருவன் சொன்னதும் வரிசையாகக் கை தூக்கினார்கள். இந்தப் பக்கத்துக் குடித்தனங்களில் ஓனர் குடித்தனத்துக்கு ஒரு சப் மீட்டர், அதாவது தன் இணைப்புக்குள்ளேயே ஒரு தனி மீட்டர், வைத்து யூனிட்டுக்கு 8 ரூபாய், 10 ரூபாய் என்று வாங்குகிறார். முதல் 100 யூனிட் இலவசம் என்பது அந்தக் குடும்பங்களுக்குக் காதில் கேட்ட செய்திதான். ஓனரைக் கேட்டால் அவரிடமும் ஒரு கணக்கு இருக்கிறது. நான்கு குடித்தனம் ஒரே இணைப்பில் ஓடினால் இரண்டு மாதத்தில் மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிவிடும். தாண்டிவிட்டால் 101-லிருந்து 200 யூனிட் வரைக்கும் இருந்த குறைந்த கட்டணமும் போய்விடும். இரண்டு பேர் சொல்வதும் புரிகிறது, கையிலிருந்து போவது மட்டும் வாடகைக்கு இருப்பவருக்கு. அதனால்தான் சப் மீட்டரில் மாத முதல் தேதி ரீடிங்கை நோட்டில் குறித்து வைக்கச் சொன்னேன். சிக்கனத்துக்கு உதவுகிறதோ இல்லையோ, ஓனர் சொல்லும் தொகை சரிதானா என்று பார்க்க உதவும். இரண்டு வீட்டில் அம்மாக்களே அந்த நோட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

ஒன்றை மட்டும் நான் சொல்லவே மாட்டேன்: இரவில் ஃபேனை நிறுத்து என்று. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே மே மாதம் படுத்துப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அதிலும் வடசென்னையில் நின்றுகொண்டு சொல்ல எனக்கு வாய் வராது. எண்ணூர் அனல் மின் நிலையத்தை 2017-ல் மூடிவிட்டார்கள், சரி. அத்திப்பட்டிலும் வல்லூரிலும் இன்னும் நிலக்கரி எரிகிறது. வல்லூர் ஒன்றே 1500 மெகாவாட். கரண்ட் ஊரெங்கும் போகிறது. சாம்பல் மட்டும் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் கழிமுகத்திலும் தங்கிவிடுகிறது, வலை வீசுகிறவர்கள் கால் வைத்தால் சேறு சாம்பல் நிறத்தில் வருகிறது. வீட்டுக்கு மூன்று ஏசி ஓடும் தெருக்களில் முதலில் இந்தப் பாடத்தை நடத்தட்டும் என்று சில சமயம் கோபமே வருகிறது. பிள்ளைகளிடம் அதைக் காட்டிக்கொள்வதில்லை. ஆனால் நிலக்கரி எங்கிருந்து வந்து எங்கே எரிகிறது என்று கேட்டால் மறைப்பதுமில்லை.

குழாயை மூடுவதும் கரண்ட் சேமிப்புதான் என்று சொன்னபோது முதலில் சிரித்தார்கள். மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளியில் 2010-ல் திறந்த, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையைச் சொன்னேன். நாளைக்கு 10 கோடி லிட்டர் திறன் கொண்டது. உப்பைப் பிரிக்க 1000 லிட்டருக்கு ஏறக்குறைய 3, 4 யூனிட் ஆகும். அடுத்த நாள் பள்ளிக் குழாயில் ஒழுகலுக்குத் துணி சுற்றியிருந்தது. யார் சுற்றியது என்று கேட்கவில்லை.

உன் பள்ளிக்கும் இதையே செய்யலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: மீட்டரைத் தள்ளி நின்று பார்க்க மட்டும்தான், பெட்டியைத் தொடக் கூடாது. சுவர் ஈரமாக இருக்கும் மழை நாளில் பக்கத்திலேயே போகக் கூடாது. எங்களுக்கு ஐப்பசியில் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் என்பதால் இதை நான் பத்து முறை சொல்லிவிட்டேன். உனக்கு முப்பந்தல் காற்றாலைகள் பக்கத்திலேயே இருக்கின்றன, பிள்ளைகளை காற்று நன்றாக வீசும் ஆனியில் ஒரு முறையும் காற்று ஓய்ந்த இந்த மாதத்தில் ஒரு முறையும் கூட்டிப்போய்க் காட்டு. காற்றில்லாத நாளில் யார் கரண்ட் தருகிறார்கள் என்று அவர்களே கேட்பார்கள். அப்போது எங்கள் ஊரைச் சொல்.

பொங்கல் விடுமுறைக்கு வருவதாக எழுதியிருந்தாயே, ரயில் டிக்கெட்டை இப்போதே போட்டுவிடு. நேந்திரங்காய் சிப்ஸ் மறக்காதே, போன முறை மாதிரி வழியில் பிரித்துவிடாமல் கொண்டு வா.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரி