இரண்டு ரிங்

தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். சாரல் பிடித்துவிட்டது, ஐந்தருவியில் நல்ல தண்ணீர். நீ நேரத்துக்குச் சாப்பிடு.

போன ஞாயிற்றுக்கிழமை மேலத்தெருக்காரன் வந்திருந்தான். நீ இல்லாமல் அவன் நம் வீட்டுப் படியேறி நான் பார்த்ததில்லை. "அவன் வரலையா?" என்று அம்மா கேட்டாள். "லீவு இல்ல அத்தை" என்றான். அவள் அடுக்களைக்குப் போனதும் என்னைப் பார்க்காமல் டம்ளரையே திருப்பிக்கொண்டிருந்தான். காப்பி ஆறி ஆடை படிந்துவிட்டது. நானும் கேட்கவில்லை.

சின்ன வயதில் அவன் வாசலில் சைக்கிள் மணியை ஒரு தட்டு தட்டினால் நீ பாதிச் சோற்றில் எழுந்து ஓடுவாய். இரண்டு தட்டு என்றால் கை கழுவிவிட்டு மெதுவாகப் போவாய். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. அப்பேர்ப்பட்டவன் உன்னைப் பற்றி வாய் திறக்காமல் போகிறான் என்றால், நீதான் சொல்லக் கூடாது என்றிருப்பாய். அவனைக் கோபிக்காதே. அவன் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

உன் மெசேஜும் மாறிவிட்டது. முன்பெல்லாம் "ம்" என்று மட்டும் வரும். அம்மா கோபப்படுவாள், எனக்கு அது போதும். இந்த நாலு மாதமாக "நான் நலமாக இருக்கிறேன் அப்பா, வேலை நன்றாகப் போகிறது, கவலைப்பட வேண்டாம்" என்று முழுசாக எழுதுகிறாய். அதைப் படித்த பிறகுதான் எனக்குத் தூக்கம் போனது.

பிரானூர் மரமில்லில் உன் வேலையைப் பற்றி நான் சொல்லாத ஆள் இல்லை. அப்பாவுக்குத் தலைகுனிவாகிவிடும் என்று எதையும் மனசுக்குள் பூட்டி வைக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு.

புனலூர் மாமாவும் நானும் எப்படி இருந்தோம் என்று நீ பார்த்திருக்கிறாய். தாத்தா மலையாளம் வாசிப்பார், 1956 நவம்பர் 1 வரை நம் செங்கோட்டைப் பக்கம் திருவிதாங்கூர்-கொச்சியோடுதானே இருந்தது. எனக்கு மலையாளம் சரியாக வரவில்லை. மாமாவுக்கோ தமிழ் அரைகுறைதான். லோடு இறக்கும்போது தடியை உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டிவிட்டு என்னைப் பார்ப்பார். உள்ளே பொத்தல் என்று அர்த்தம். நான் விலையைக் குறைத்து எழுதுவேன், அவர் "மதி" என்பார், போதும் என்று அர்த்தம். இருபது வருட வியாபாரம் அப்படித்தான் நடந்தது. அப்புறம் போன் வந்தது. வீடு சேர்ந்தால் ஒரு ரிங். ஆரியங்காவு செக்போஸ்ட்டில் மாட்டிக்கொண்டால் இரண்டு ரிங்.

அந்த மழை ராத்திரி இரண்டு ரிங் வந்தது. டவர் கிடைக்கவில்லை என்று உங்கள் எல்லோரிடமும் சொன்னேன். மாமாவிடமும் அதையேதான் சொன்னேன். அது பொய், தம்பி. போன் என் கையில்தான் இருந்தது. அந்த வாரம் 4,000 ரூபாய் பாக்கியில் அவரோடு மனவருத்தம். விடியட்டும் என்று போனைக் கவிழ்த்து வைத்தேன். பைக்கில் அரை மணி நேரப் பாதை. க்ளீனர் பையனுக்குக் காய்ச்சல் கொதிக்க, மனுஷன் விடிய விடிய மழையில் நின்றிருக்கிறார். காலையில் மில்லுக்கு வந்தவர் என் முகத்தைப் பார்த்தார். நான் டவர் கதையைச் சொன்னேன். "சாரமில்லா" என்றார், பரவாயில்லை என்று. அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்தது. அதற்குப் பிறகு அவரிடமிருந்து ரிங் வந்ததே இல்லை.

இப்போது கல்யாண வீடுகளில் பார்த்தால் நிறையப் பேசுகிறோம். மழை, ரப்பர் விலை, பிள்ளைகள் என்று அரை மணி நேரம் ஓடும். வீட்டுக்கு வந்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

அம்மாவிடம் எதையும் சொல்லவில்லை. நீ விளக்கமாக எதுவும் எழுத வேண்டாம், போனில் பேசவும் வேண்டாம். எந்த ராத்திரியானாலும் இரண்டு ரிங் விடு. போன் தலைமாட்டில்தான் இருக்கும். சாயங்காலம் பொதிகை ரயிலில் ஏறினால் காலையில் எழும்பூரில் இருப்பேன். ஒன்றும் கேட்க மாட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா